எதையும் தாங்காத தூண்கள்

பழைய தெருக்களைக் காப்பதற்கென்று எங்கள் நகராட்சியில் ஒரு குழு உண்டு. அதில் குறிப்பெழுதும் எழுத்தராக இருந்தேன். ஐந்து உறுப்பினர்கள் அரைகுறையாகச் சொல்வதை முழு வாக்கியமாக்குவது என் வேலை. பதினேழு வருடம் முட்டாள்தனத்துக்கு ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். ஸ்கேல் அக்காவுக்கு வந்த மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அதனால் நடந்ததைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, யோக்கியதை இல்லாவிட்டாலும்.

அக்கா ஓர் ஆர்க்கிடெக்ட்டிடம் வரைபடம் போடும் வேலை பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, நிமிர்ந்த முதுகு. பேச்சும் வளையாது. அதனால் வந்த பட்டப்பெயர் அது. அவர் காதுபட அதைச் சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது.

பழைய பகுதியின் எட்டுத் தெருக்களில் யார் புதுவீடு கட்டினாலும் அது சுற்றியிருக்கும் வீடுகளுக்குப் பொருந்த வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். பொருந்துவது என்றால் என்னவென்றுதான் குழுவுக்குத் தெரியாது. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஊருக்கு வெளியே அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில் குடியிருந்துகொண்டு பழமையைக் காத்துவந்தார். தூண் இருந்தால் பழமை, வளைவும் இருந்தால் இன்னும் பழமை. அவ்வளவுதான் அவர் படிப்பு.

இதைப் புரிந்துகொண்ட ஊர் வீட்டுக்கு வீடு தூணை ஒட்டியது. அச்சில் வார்த்து விற்கிற, உள்ளே ஒன்றுமில்லாத தூண்கள். தட்டினால் தகர டப்பா போலச் சத்தம் வரும். கூடவே திறக்க முடியாத பொய் ஜன்னல்கள், அவற்றின் தலையில் பூவேலை. வீடோ, கார் நிறுத்துவதற்காகத் தெருவிலிருந்து பத்தடி உள்வாங்கி நிற்கும். தோளோடு தோள் ஒட்டி நின்ற வரிசையில் அங்கங்கே பொக்கை விழுந்தது. பொக்கைக்கு முன்னால் இரண்டு தூண் நட்டிருந்தால் போதும், குழு மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டது.

அந்தத் தூண்களில் பாதியை வரைந்தது அக்காவின் கைதான். அவர் அதை மறைத்ததில்லை. ஒருமுறை எங்கள் கவுன்டரில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, "இந்தத் தூண் எதைத் தாங்குதுன்னு கேளுங்க" என்றார்.

"எதைத் தாங்குது?"

"எங்க சாரோட பீஸை. கூடவே என் சம்பளத்தையும். கூரைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கை கணவர் பஸ் டிரைவர். அந்த எட்டுத் தெருக்களில் ஒன்றில் அவர்களுக்குப் பதினாறடி அகல மனை இருந்தது; அதிலிருந்த வீடு ஒரு மழையில் விழுந்துவிட்டது. புதுவீடு வரைந்து தரும்படி தங்கை கேட்டாள்.

அக்கா உடனே வரையவில்லை. மூன்று வாரம், வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவை அளந்தார். வரி போட வந்தவள் என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். இடிக்க வந்தவள் என்று ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். நாற்பத்தொரு பழைய வீடுகள் மிஞ்சியிருந்தன. எல்லாவற்றுக்கும் கூரை விளிம்பு ஏறக்குறைய ஒரே உயரம். ஜன்னல்கள் அகலத்தைப்போல இரண்டு பங்கு நீளம். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் கதவு. நாற்பத்தொன்றில் ஒன்றுக்குக்கூடத் தூண் கிடையாது.

அவர் வரைந்த வீடு தெருவை ஒட்டி நின்றது. கூரை விளிம்பு பக்கத்து வீடுகளோடு ஒரே கோட்டில் வந்தது. நடுவில் எட்டடிக்குத் திறந்த இடம். அதிலிருந்து சமையலறைக்கு வெளிச்சம். ஜன்னல்கள் ஒல்லியாக, உயரமாக இருந்தன. வயதான வேஷம் எதுவும் அதற்கு இல்லை.

தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா, மொட்டையா இருக்கு? எல்லாரும் தூண் வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில கேட்டா நான் என்ன சொல்றது?"

"வீட்டுக்குள்ள வெளிச்சம் வருதுன்னு சொல்லு."

"கார் நிறுத்தவும் இடம் விடல."

"நமக்குக் கார் ஏதும்மா?" என்றார் டிரைவர். "நான் ஓட்டுற பஸ்ஸை இங்கயா கொண்டாந்து நிறுத்தப்போறேன்?"

தங்கை சிரித்துவிட்டாள். அரைமனதோடு கையெழுத்தும் போட்டாள்.

விண்ணப்பத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று புதுவீடு. இன்னொன்று, உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அளந்து வரைந்த பக்கத்து வீடு. அது நூறு வருடத்துக்கு மேற்பட்டது. எங்கள் குழு அச்சிட்ட கையேட்டின் அட்டையில் இருப்பதும் அதே வீடுதான்.

கூட்டத்தன்று தலைவர் டீயை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் மேலே கிடந்த தாளை எடுத்தார். அது பக்கத்து வீட்டின் தாள்.

"என்னய்யா இது, வெறும் சுவரா இருக்கு? தூணைக் காணோம்."

பேராசிரியரான உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்தத் தெருவோட ஆன்மா இதுல துளிகூட இல்ல சார்."

தாளின் மூலையில் 'பக்கத்து வீடு, இப்போது உள்ளது' என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருடத்தில் என் நாக்குக்கு அப்படி ஒரு பழக்கம். 'தெருவின் பழமைக்கு ஒவ்வாது' என்று தலைவர் அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டார். நான் அதைக் கடிதமாக்கினேன்.

கடிதத்தோடு திரும்பி வந்த தாளைப் பார்த்த உடனே, சிவப்பு மை எந்த வீட்டின் மேல் விழுந்திருக்கிறது என்று அக்கா புரிந்துகொண்டாராம். அவருடைய ஆர்க்கிடெக்ட்டுக்கும் புரிந்தது; ஆனால் அவர் கவலை வேறு. "ரெண்டு தூணைப் போட்டுக் குடுத்து முடிச்சிடும்மா. தலைவர்கிட்ட எனக்கு நாளைக்கும் வேலை இருக்கு."

அக்கா தூண் போடவில்லை. மேல்முறையீடு போட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை மேசை நடுவில் வைத்தார். "சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இந்த வீடு இந்தத் தெருவுக்கு ஒவ்வாதுன்னு எழுதியிருக்கீங்க. இது பக்கத்து வீடு. நூறு வருஷமா அங்கதான் நிக்குது. உங்க புத்தக அட்டையிலயும் நிக்குது. இப்ப அதை இடிக்கச் சொல்லணுமா, இல்ல ரெண்டு தூண் ஒட்டச் சொல்லணுமா?"

பேராசிரியர் கையேட்டைத் தன்னருகே இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். ஒருவர் டீ ஆறிவிட்டது என்று முணுமுணுத்தார். தலைவர் என் பக்கம் திரும்பினார். "தாளை மாத்தி வெச்சது யாரு? நீதானே?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'இவனும் இப்படித்தான்' என்பதுபோல ஒரு பார்வை.

"நீங்களேதான் எடுத்தீங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மூலையில எழுதியிருக்கு. யாரும் படிக்கல. நானும் சொல்லல."

தலைவர் சரியான தாளை வாங்கி, முதல்முறையாக அதைப் பார்த்தார். "அடக்கமா, நல்லாத்தானே இருக்கு" என்று ஏதோ தானே வரைந்ததுபோலச் சொல்லிக் கையெழுத்திட்டார். அக்கா நன்றி சொல்லாமல் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆர்க்கிடெக்ட் அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார். அக்கா தன் வீட்டு முன்னறையில் வரைபட மேசை போட்டுக்கொண்டார்.

வீடு எழும்பியது. தங்கை இப்போது பகலில் விளக்குப் போடாமல் சமைக்கிறாள். அக்காவிடம் மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. மறுவருடக் கையேட்டின் அட்டையில் தங்கையின் வீடு வந்தது. குழுவின் வழிகாட்டலில் உருவானது என்று கீழே ஒரு வரி. இனி தூண் கூடாது, இதுவே மாதிரி என்று புதுவிதி. நேற்றுவரை தூண் ஒட்டிய அதே ஊர் இன்று தங்கை வீட்டைப் படியெடுக்கக் கிளம்பியது.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் அட்டையைக் கிழித்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். "இதே மாதிரி, ஒரு இஞ்ச் மாறாம வேணும்."

"உங்க மனை எங்க?"

"முக்குல. ரெண்டு தெருவும் சேர்ற இடம்."

"இந்த வீட்டுக்கு ஒரு முகம்தான். முக்குல வெச்சா ஒரு தெருவுக்கு முதுகைக் காட்டி நிக்கும். ரெண்டு பக்கமும் அளந்துட்டு வேற வரைஞ்சு தரேன்."

"வேற எல்லாம் வேணாம்மா. குழு சொன்னது இதைத்தான்."

அவர் நேராக அந்த ஆர்க்கிடெக்ட்டிடம் போனார். ஒரு இஞ்ச் மாறாமல் கிடைத்தது. இப்போது அந்த முக்கில், ஒரு தெருவைப் பார்த்த பக்கம் முழுக்க ஜன்னலே இல்லாத ஒரு சுவர் நிற்கிறது. அதற்குக் குழு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தது. சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.