சுருளிராஜன் அண்ணன் வளர்த்த கார்டீனியா

போடியில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் சுருளிராஜன் அண்ணனுக்கு மூக்குதான் பிழைப்பு. ஏலக்காயை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாரென்றால், புதுக்காயா போன வருசத்துச் சரக்கா என்று பட்டென்று சொல்லிவிடுவார். வெளியூர் வியாபாரிகள் அவர் சொல்லை நம்பித்தான் சரக்கு எடுப்பார்கள். போன தை மாதம் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மோந்து பார்ப்பதுபோல் நடித்து, நிறத்தையும் கனத்தையும் வைத்துச் சமாளித்தார். ஏலக்காயை ஏலம் விடும் நாள் வந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். "வாசம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தினமும் எதையாவது மோந்து பாருங்க" என்றார் டாக்டர். கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சை, எதுவும் உறைக்கவில்லை.

கடைசியில் மலைமேல் இருக்கும் குமுளியிலிருந்து, வெள்ளையாகப் பூக்கும் ஒரு கார்டீனியாச் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து மாடியில் வைத்தார். எஸ்டேட் பங்களா வாசலில் அது பூத்தால், ரோட்டில் போகிற ஜீப்புக்குள்ளே வாசம் வருமாம். "இந்தப் பூவும் தெரியலன்னா, என் மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்மா" என்றார் என்னிடம்.

மலைக்குளிரில் வளர்ந்த செடி இந்த வெயிலில் என்ன பாடுபடும்! போர்த்தண்ணீர் உப்பில் இலை மஞ்சளடித்தது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டார். மழைத்தண்ணீர் ஊற்றுங்கள், மண்ணுக்குப் புளிப்பு வேண்டும், காலை வெயில் போதும், மொட்டு வைத்தபிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது என்றாராம். புளிப்புதானே என்று அண்ணன் புளித்த மோரைக் கரைத்து ஊற்ற ஆரம்பித்தார். இலை பச்சை திரும்பியது. ஆனால் மாடிப்படியில் கால்வைக்க முடியாத நாற்றம்.

"மதினி, குடலைப் பெரட்டுது. அண்ணங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று அவர் மனைவி சண்முகத்தாயிடம் சண்டைக்கே போனேன்.

"அவுகளுக்குத்தான் தெரியலையே, ஆத்தா. நான் எந்த வாயால சொல்ல?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து நானும் மூக்கைப் பொத்திக்கொண்டே படியேறினேன்.

சித்திரையில் மொட்டு வைத்தது. மனுசர் சும்மா இருந்தாரா? வெயில் சுடுகிறது என்று இந்தப் பக்கம், காற்று அடிக்கிறது என்று அந்தப் பக்கம், தொட்டியை நகர்த்திக்கொண்டே இருந்தார். "அண்ணே, கை வைக்காதீக!" என்று நான் கத்தியும் கேட்கவில்லை. மொட்டுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டார். பூக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். பூத்தும் வாசம் தெரியாவிட்டால் என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒருநாள் காலை, "ஏய் சண்முகத்தாயி!" என்று மாடியிலிருந்து ஒரு அலறல். மிஞ்சிய மொட்டும் விழுந்துவிட்டது என்று, கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மதினியும் நானும் அடித்துப் பிடித்து ஓடினோம். மொட்டு அப்படியே இருந்தது. நுனியில் லேசாக வெள்ளை தெரிந்தது, இன்னும் விரியவில்லை. தண்ணீர் ஊற்றக் குனிந்த அண்ணன் முகத்தைச் சுளித்தபடி நின்றார்.

"என்னா நாத்தம் இது! எப்பிடி இத்தனை நாளு இங்கன இருந்தீக?"

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக, "நாறுதா? நெசமாவா? இன்னொருக்க மோந்து பாருங்க" என்றார்.