இடம் மாறிய இரண்டு திருகுகள்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் வைத்த பெயர் மேனுவல், அதாவது கையேடு. ஒரு சாமான் வாங்கினால் அதோடு வரும் கையேட்டைத்தான் முதலில் பிரிப்பார். சாமான் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இஸ்திரிப் பெட்டிக்குக்கூடக் கையேடு படித்த ஒரே மனிதர் எங்கள் மாமாதான் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நேரில் மாமா என்பேன். முதுகுக்குப் பின்னால் நானும் மேனுவல்தான்.

தராசு செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு அவருடையது. வெளியே போகும் ஒவ்வொரு தராசிலும் எடைக்கற்களை வைத்துப் பார்த்து, சரி என்று அட்டை கட்டி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அட்டையோடு போன தராசு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவராகச் சொல்ல மாட்டார். யாராவது கேட்கட்டும் என்று பேச்சை அந்தப் பக்கமாகவே ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் காரை மெக்கானிக்கிடம் விடுவாரா? "அவன் ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்ப்பான் மச்சான். எனக்கு இது ஒண்ணுதான்" என்பார். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் பார்ப்பது எல்லாமே வீட்டு முகப்பில்தான். வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். போன வருடத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: பின் பிரேக், ஹேண்ட்பிரேக், புது ஷூ, சரி.

அந்தச் "சரி"க்கு ஐந்து மாதம் கழித்து எங்கள் அப்பா அந்தக் காரில் அடிபட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அப்பா அக்கா வீட்டில்தான் இருந்தார். கண் டாக்டரிடம் கூட்டிப் போக அக்கா காரை எடுத்தாள். முகப்பிலிருந்து கேட்டுக்கு ஒரு சரிவு. பாதிச் சரிவில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அப்பா மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க உள்ளே போனாள். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? இறங்கிப் போய் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். கார் உருண்டு வந்து அவரைக் கேட்டோடு சேர்த்து நசுக்கியது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து காரைப் பின்னால் தள்ளினார்கள். அந்தக் கலவரத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா வந்து பார்த்தபோது கார் முகப்பின் சமதரையில் நின்றது. ஹேண்ட்பிரேக் லீவர் கீழே கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா எங்கள் இருவரிடமும் சொன்னாள்: "ஹேண்ட்பிரேக் போட்டுட்டுத்தான் இறங்கினேன்."

"போட்டிருந்தா வண்டி எப்படிம்மா உருளும்?" என்றார் மாமா.

திட்டவில்லை. தோளில் கை வைத்து, வெகு மென்மையாகத்தான் கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. விசாரிக்க வந்த அதிகாரியிடம், பிரேக்கைத் தானே பார்த்ததாகவும் வண்டியில் குறை இருக்க வழியில்லை என்றும் மாமா சொல்லி, நோட்டையும் காட்டினார். அதிகாரி சமதரையில் லீவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் உறவுக்காரர் ஒருவர் கேட்டபோது அக்கா, "போட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள். பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "மறந்துட்டேன்."

எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கூடப் பிறந்தவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாதம் ஒரு தடவை போய் வருவேன். அவள் காபி கொடுப்பாள், நான் குடிப்பேன். குடித்ததும் கிளம்பிவிடுவேன். அழுது தீர்த்திருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் அழவும் இல்லை. மாமா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அக்கா துணி மடித்தாள். கார் எட்டு மாதம் உறை போர்த்தி முகப்பில் நின்றது.

கடைசியில் அதை விற்றுவிடலாம் என்று முடிவானது. ஒரு பள்ளி ஆசிரியர் வாங்க ஒத்துக்கொண்டார். எட்டு மாதம் நின்ற வண்டியின் பின் பிரேக்கைப் பார்க்காமல் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூப்பிட்டார். எனக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் போனேன்.

முன் சக்கரங்களுக்குச் செங்கல் அணை வைத்தேன். மாமா ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்து, இடது பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சட்டி கவிழ்த்த மாதிரி டிரம்.

"துரு பிடிச்சு ஒட்டியிருக்கும். சுத்தியல் எடு" என்றார்.

எடுத்துக் கொடுப்பதற்குள் டிரம் அவர் கையோடு வந்துவிட்டது. தொப்பி கழற்றுவது போல அவ்வளவு லேசாக. வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். மாமா டிரம்மையும், அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படி வரக் கூடாதே" என்றார்.

இரண்டு ஷூக்களுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. அட்ஜஸ்டர் என்கிறார்கள். ஷூ தேயத் தேய அது தானாகச் சுற்றி நீண்டு, ஷூவை டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். மாமா ஸ்பிரிங்குகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தார். கடைசி வரை சுருங்கிக் கிடந்தது. வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுத்து இருக்கு மச்சான்?"

"ஆர்."

"இது எந்தச் சக்கரம்?"

"இடது" என்றேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

காரின் கையேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி, "படி" என்றார். படித்தேன். இடது அட்ஜஸ்டருக்கும் வலது அட்ஜஸ்டருக்கும் மரை எதிரெதிர்த் திசையில் சுற்றும். பக்கம் மாற்றிப் பொருத்தினால் நீள்வதற்குப் பதில் சுருங்கும். நாளாக ஆக ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போகும்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

வலது சக்கரத்தையும் அவர் கழற்றினார். அங்கே இருந்ததில் இடதுக்கான எல் இருந்தது.

ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது அவரே எனக்குச் சொன்ன விதி. போன வருடம் ஷூ மாற்றிய அன்று மட்டும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றியிருக்கிறார். அட்ஜஸ்டர்களில் பிசுக்கு அப்பியிருந்ததாம். இரண்டையும் ஒரே கிண்ணத்து மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுசு போலாக்கி, பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார். சோம்பேறி மெக்கானிக் ஒருவன் துணியால் ஒரு துடை துடைத்து இருந்த இடத்திலேயே வைத்திருப்பான். எங்கள் அப்பா இருந்திருப்பார்.

"பிரேக் பெடல் கொஞ்சம் கீழ போகுதுன்னு உங்க அக்கா ரெண்டு தடவை சொன்னா" என்றார் மாமா. "புது ஷூ, பழகணும்னு சொன்னேன். ஹேண்ட்பிரேக் ரொம்ப மேல வருதுன்னா. கேபிள் நீண்டிருக்கும்னு நட்டை முறுக்கிவிட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கழுத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல சரியா மாட்டி முடிச்சிடலாமா?" என்று கேட்டார்.

"மாட்டிட்டா அப்புறம் அக்காகிட்ட சொல்ல மாட்டீங்க மாமா."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. அவர் இரண்டு அட்ஜஸ்டர்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். கையைக் கழுவாமல் உள்ளே போனார். கழுவாத கையோடு அவர் வாசற்படி தாண்டி நான் பார்த்ததே இல்லை.

அக்கா கூடத்தில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா அட்ஜஸ்டர்களை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"அன்னிக்கு நீ ஹேண்ட்பிரேக் போட்டிருக்கம்மா. நான்தான் இதை மாத்தி மாட்டிட்டேன். அது பிடிக்கல. உன் மேல தப்பில்ல. என் தப்பு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அட்ஜஸ்டர்களைப் பார்த்தாள், தொடவில்லை.

"அப்படியா" என்றாள்.

"அக்கா, நீ அன்னிக்கே சொன்னியே" என்றேன். "நாங்கதான் கேக்கல."

"சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்குடா. போட்டதுதான் ஞாபகம் இல்ல." எங்கள் இருவரையும் பார்த்தாள். "தினமும் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். இப்போ கண்ணை மூடினா, போடாம இறங்கிறதுதான் தெரியுது. லீவர் கீழ கிடக்கு, நான் கதவைத் திறக்கிறேன். அப்படியே தெரியுது."

"இல்லம்மா, நீ போட்ட. நிச்சயமா போட்ட" என்றார் மாமா. மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த வீட்டில் எட்டு மாதத்தில் முதல் அழுகை அது.

அக்கா அவர் கழுத்தில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"இருக்கும்ங்க" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே அவரைச் சமாதானப்படுத்தினாள். "வண்டி விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்."