தலையில்லாத இறால்கள்

காலை ஏழு இருபது. எல்லாம் கெட ஆரம்பித்த நேரம் அதுதான். நேற்று மாடி அறையைக் கூட்டும்போது மகளின் பழைய ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கிடந்த பாட்டில்களின் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியதும் அந்த அமாவாசை நினைவுக்கு வந்துவிட்டது.

அவள் ஏரி இறாலைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அமாவாசைதோறும் முதல் ரயிலில் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரே இடத்தில் இறால் எடுத்து அளப்பாள். பதினோரு மாதம் தவறவில்லை. பன்னிரண்டாவதும் கிடைத்தால் ஒரு வருடம் முழுமையாகும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பன்னிரண்டாவது அமாவாசையன்று ஏழு இருபதுக்குத்தான் அந்தப் போன்.

“நைனா, நான் வரல. சார் கான்ஃபரன்ஸ் போறாராம். அவர் கிளாஸ் நாலும் என்னையே எடுக்கச் சொல்லிட்டார்.”

“வாரம் பூரா நீதானே எடுக்குற? அவரு இன்னாதான் எடுக்குறாரு?”

“லீவு,” என்றாள்.

அவள் ஆய்வுக்கு வழிகாட்டியான அந்தப் பேராசிரியரைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். வகுப்பு அவள் தலையில், விடைத்தாள் அவள் தலையில், அவர் மகனின் பள்ளிக்கூடப் புராஜெக்ட்கூட அவள் தலையில். ஊர் ஊராகப் போய் ஏரியைப் பற்றிப் பேசும் மனிதர், ஏரிச் சேறு என்ன நிறம் என்று பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்கு மிஞ்சியது அவள் தூங்க வேண்டிய நேரம்தான்.

நானே எடுத்து வைக்கிறேன் என்று வீரம் பேசினேன். தபாலாபீஸ் குமாஸ்தாவுக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும்? சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் கன்னியம்மாவை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினேன். பை நிறைந்தது. நான் ஐஸ் வாங்கி வருவதற்குள் அத்தனை இறாலையும் தலை கிள்ளி, உரித்து, கழுவி வைத்திருந்தாள்.

“பாப்பா பாவம், படிச்சிக்கினே கீது. அதுக்கு இன்னாத்துக்கு இந்த வேலைன்னு நானே சுத்தம் பண்ணிட்டேண்ணே.”

மகள் அளப்பது தலை ஓட்டைத்தான். தலைகளைக் காக்கைகள் முடித்திருந்தன. மறுபடி இறங்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது.

போனில் சொன்னபோது அவள் திட்டவில்லை. “பரவால்ல நைனா, கிளாஸுக்கு டைம் ஆச்சு” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு முதல் ரயிலில் அவள் வருவதில்லை. சேற்றுக் காலோடு வாசலில் நின்று டீ கேட்டுக் கத்தவும் ஆளில்லை.

தை மாதம் பேராசிரியர்தான் வந்தார், பூநாரை பார்க்க, குடும்பத்தோடு, காரில். என் மனைவி வறுத்த நண்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

“உங்க பொண்ணு கிளாஸ் பிரமாதமா எடுக்குறா சார். ரிசர்ச்லதான் அக்கறை பத்தல.”