மழையானுக்குத் தம்பி

விடையேறிய பெருமானின் திருவடி நிழலை எங்கள் அண்ணன் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம்.

ராசிங்காபுரத்தில், மழை விடாது பெய்த ஒரு நாளில் அண்ணன் பிறந்தார். எங்கள் தாயார் அவரை ‘மழையான்’ என்றே அழைப்பார். அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தாயாரை விட்டால் அண்ணன், நடு அண்ணன், கடைசிப் பிள்ளையான நான் ஆகிய மூவரே அதை அறிவோம்.

அண்ணன் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினார். நடு அண்ணனோ முதலாளிமார் பக்கம் நின்ற கட்சியில் பொறுப்பு வகித்தார். மழையால் வேலை நின்ற நாளுக்கும் அரைக்கூலி கேட்டு, காய் எடுக்கும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இருவருக்கும் பேச்சு அறுந்தது.

போடிமெட்டுக்கு மேலே, தோட்டத்து வாசலில் கூட்டம் நின்றிருந்தது. அண்ணனின் முகம் அறியாத அடியாட்கள் ஜீப்பில் வந்து இறங்கினர். சங்கத்தில் வழங்கிய பெயரைச் சொல்லி அழைத்தனர், ஒருவரும் அசையவில்லை. பின்பு ஒருவன், “ஏ மழையான்” என்றான்.

“மழையானா? அந்தா மேல வந்துக்கிட்டிருக்கு பாரு. புடிச்சு ஜீப்புல ஏத்திக்க,” என்றார் காய் எடுக்கும் அம்மாள் ஒருவர்.

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. தாயாரின் அழைப்பைக் கேட்ட பிள்ளையாய் அவர் தலை திரும்பிவிட்டிருந்தது. அன்று அவர்கள் முறித்த கால் இறுதிவரை நேராகவில்லை. அரைக்கூலி கிடைத்தது, அண்ணன் மறுபடி மலையேறவில்லை.

தாயார் உள்ளவரை அவர் வாய் திறக்கவில்லை. கடைசி நாள்களில்தான் என்னிடம் சொன்னார்: “ஆத்தா காதுக்குப் போயிறக் கூடாதுன்னுதான் பொத்திவச்சேன். நம்ம மூணு பேரத் தவிர எவனுக்குடா தெரியும் அந்தப் பேரு? இப்ப ஆத்தாளும் போயிட்டா. இனி ஒன் இஷ்டம்.”

ஆலகாலத்தை ஈசன் மிடற்றில் நிறுத்தியதுபோல் அண்ணன் நிறுத்தினார். அந்த மிடறு எனக்கு வாய்க்கவில்லை. நாள்தோறும் பதிகம் ஓதும் இந்நாவால் மன்னிக்கும் மனத்தை நான் வேண்டவுமில்லை.

அண்ணனைச் சுமந்துவந்த பெண்களுக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வலி அறிந்து மருத்துவமனைக்கு ஜீப்பை ஓட்டியவருக்கும், பணிவிடையில் தளராத அண்ணியாருக்கும் எங்கள் நன்றி.

நினைவுக் கூட்டத்தின் முதல் வரிசையில் அமர்ந்து இதைப் படிக்கும் நடு அண்ணனுக்கு நன்றி இல்லை. உறவினரும் நண்பருமான மற்ற உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. கடைவீதியிலோ கட்சி மேடையிலோ அவரைக் கண்டால், பின்னாலிருந்து, “மழையானுக்குத் தம்பி” என்று அழையுங்கள்.

அவரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.