அப்பா காலில் பூசிய கிராபைட்

ஆய்வகத்தில் நான் என்ன செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வார். கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகங்கள் வார்க்கும் சின்னப் பட்டறை அவருடையது. வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்க கிராபைட் பொடி பூசுகிறவருக்குப் புரியும்படி நான்தான் விளக்கியிருந்தேன்.

"நம்ம பட்டறையில இருக்குதுங்கல்லப்பா, அதே கிராபைட்தானுங்க. அதைத் தாள் தாளா உரிச்சு ஒரு அணு கனத்துக்குக் கொண்டு வர்றோம். அந்தத் தாள் பட்டாப் புண்ணுல இருக்கற கிருமி சாகும்."

இவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அமிலத்தில் போட்டு, நாள்கணக்கில் கழுவினால்தான் அந்தத் தாள் கிடைக்கும். அதுவும் கண்ணாடித் தட்டில் வளர்க்கிற கிருமிகளோடு சரி, மனிதர் உடம்புக்கு இன்னும் வரவில்லை. இதையெல்லாம் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. போன மழைக்காலத்தில் புதுச் செருப்பு கடித்து, இடது சுண்டுவிரலில் புண் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பார்த்தபோது விரலே கறுத்துக் கிடந்தது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். கறுப்பு பஞ்சோடு வந்துவிட்டது.

"என்னங்க இது?"

"கிராபைட்டுங்க டாக்டர். நம்ம அம்மணி காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற மருந்துதானுங்க. பத்து நாளா நானே போட்டுக்கிட்டு வாரேன்" என்று அப்பா சிரித்தபடி என்னைக் கைகாட்டினார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை. என் வாயின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொடிக்கு அடியில் சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தது. விரலை எடுத்தால் பாதம் தப்பும் என்றார்கள். எடுத்தார்கள், பாதம் தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் கட்டு மாற்றும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மருந்துக்கடையில் வாங்கிய உப்புநீர், பஞ்சு, துணி, அவ்வளவுதான். முதல் நாள் பஞ்சைப் புண்ணில் பட்டும் படாமலும் ஒற்றினேன்.

"பயப்படாம அழுத்தித் தொடை கண்ணு. அங்க தொட்டாக்கூட எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல" என்றார் அப்பா.

ஐந்து வருடமாகப் புண் ஆற்றும் பொருளைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு புண்ணை நான் தொட்டது அன்றுதான்.