சிலைக்குக் கொடுத்த கைகள்

டெக்சாஸிலிருந்து வந்து நாஷ்வில்லிலேயே வாழ்ந்து மறைந்த பாடகர் ராய்ஸ் டாக்கெட்டுக்குச் சிலை வைத்தார்கள். முகத்தைப் புகைப்படம் பார்த்துச் செய்தார்கள். கைகளுக்கு மட்டும், முப்பது வருடம் அவர் பின்னால் நின்று கிட்டார் வாசித்த என் கணவர் வெர்னனின் கைகளை அச்செடுத்தார்கள். கல்வெட்டில் வெர்னன் பெயரைப் போடத் தோன்றவில்லை, மகராசன்களுக்கு! மறுவருடமே வாதம் வந்து அவர் விரல்கள் முடங்கின.

பாட வாய்ப்புத் தேடி வருகிறவர்கள் சிலையின் விரலிடுக்கில் கிட்டார் மீட்டும் வில்லையைச் செருகிவிட்டுப் போவார்கள். நேற்று நாங்கள் அங்கே நின்றிருந்தபோது அப்படிச் செருகிய ஒரு பெண் வெர்னனைப் பார்த்தாள்.

"கை நடுங்குதே தாத்தா! இவரு கையைத் தொடுங்க, ராசியான கை. சரியாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, அது யாரு கைன்னு..."

"சும்மா இரு, மேவிஸ். தொட்டுத்தான் பாப்போமே" என்று வெர்னன் கையைத் தூக்கினார். அது பாதி உயரம்கூடப் போகவில்லை.