தண்ணீர்ப் பானையின் கறுப்பு மூடி

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பது அவள் வேலை. அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ காலி செய்த வீட்டுக்குக் கடைசிக் கணக்கெடுக்கப் போனபோது, சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமபோன் பெட்டியும் ஒரு கட்டு இசைத்தட்டுகளும் குப்பை வண்டிக்காக வாசலில் கிடந்தன. கேட்டு வாங்கி வந்தாள். அன்று பிடித்த பித்து பிறகு விடவேயில்லை. அலமாரி முழுக்கத் தட்டுகள் ஏறின. தகர வேலை செய்யும் கணவரின் சட்டைகள் கட்டிலுக்கடியில் போயின.

“என்னையும் ஒரு உறையில போட்டு நிக்க வெச்சுடு. அப்பவாவது துடைச்சு வைப்ப,” என்பார் அவர்.

எல்லோரிடமும் இருக்கும் தட்டுகளில் அவளுக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஊசி தொடும்வரை உள்ளே யார் குரல் என்றே தெரியாத தட்டுக்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் போன வீட்டில் தட்டைக் கண்டாலும் வேலை நேரத்தில் கேட்க மாட்டாள். விடுமுறை நாளில் தனியாகப் போய்த்தான் கேட்பாள்.

அப்படித்தான் கணக்கெடுக்கப் போன ஒரு தையல்காரியின் வீட்டில் கண் நிலைகுத்திவிட்டது. மீட்டர் சமையலறைச் சுவரில் இருந்தது. அதன் கீழே தண்ணீர்ப் பானை. பானை மேல் மூடியாக ஓர் இசைத்தட்டு! நடு ஓட்டையில் ஆணி முடுக்கி, நூல் தீர்ந்த கட்டையைக் கைப்பிடியாக்கியிருந்தார்கள். பேர் அச்சிட்ட காகிதம் ஈரத்தில் ஊறி உரிந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டாள்.

“தட்டா? மூடிங்க அது. அதக் குடுத்துட்டா தண்ணிய எதால மூடறது?” என்றாள் தையல்காரி.

கேள்வி நியாயம்தான். பானை வாயைச் சாண் வைத்து அளந்துகொண்டு வீட்டுக்கு வந்து கணவரிடம் நின்றாள்.

“ஊர்ல பொண்டாட்டிங்க வளையல் கேக்கறாங்க. எனக்கு வாய்ச்சது பானை மூடி கேக்குது,” என்றார். ஆனாலும் கை கிழிக்காதபடி விளிம்பை மடித்து, பளபளவென்று ஒரு மூடி செய்துகொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அது பானையில் கச்சிதமாக உட்கார்ந்தது. தையல்காரிக்கு வாயெல்லாம் பல். ஆணியைக் கழற்றியபடியே, “இவ்ளோ பாடுபடறீங்களே, இதுல அப்படி என்னக்கா இருக்கு?” என்றாள்.

“எனக்கும் தெரியாது. இரு, பெட்டியக் கொண்டாரேன்.”

மூச்சிரைக்கப் பெட்டியைத் தூக்கி வந்தாள். ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, புது ஊசி மாட்டிச் சாவி கொடுத்தாள். தண்ணீர்ப் பக்கம் இருந்த முகம் வெறும் இரைச்சல். திருப்பிப் போட்டாள்.

கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் எதற்கோ சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிக்கொண்டு பாடினாள், மறுபடியும் சிரித்தாள். வாத்தியக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தையல்காரி முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். மீட்டரக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க,” என்றாள் தையல்காரி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு. “இத நான் குடுக்க மாட்டேன். இத்தனை நாளா எங்க வீட்ல ஒரு பொம்பள சிரிச்சுட்டிருந்திருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே!”

மீட்டரக்காவுக்குச் சுருக்கென்றது. கைக்கெட்டிய தட்டு அல்லவா! ஆனால் தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். இதே பித்துதானே தன்னையும் பிடித்தது. தான் கொண்டுவந்திருந்த உறையையே எடுத்து நீட்டினாள்.

“படுக்க வைக்காத, நிக்க வை. வெயில் படாம பாத்துக்க.”

“மூடியும் போச்சு, தட்டும் போச்சா?” என்றார் கணவர், அவள் வீடு திரும்பியதும்.

“பாட்டக் கேட்டுட்டேங்க,” என்றாள் அவள்.

தையல்காரியிடம் பெட்டி இல்லை. அதனால் ஞாயிறு மதியங்களில், தட்டை அதன் உறையோடு தலையணை உறைக்குள் வைத்து மார்போடு அணைத்தபடி அவளே மீட்டரக்கா வீட்டுப் படியேறி வருகிறாள். முதலில் அதைக் கேட்டுவிட்டு, “இன்னிக்கு உங்களுதுல எதப் போடறீங்க?” என்று அலமாரி முன்னால் போய் நிற்பாள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும்.